தவறிய விலையும் தவறாத தர்மமும்

அய்யா துணை

பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் உகப்படிப்பு முடிந்து எல்லாரும் அமர்ந்திருக்கும் வேளையில் பிள்ளைகள் பல கேள்விகள் கேட்பார்கள். அவற்றுள் இந்தக் காலத்துக்கே உரியதாகத் தோன்றும் ஒரு கேள்வி உண்டு. ஆன்லைனில் ஒரு பொருளுக்குத் தவறான விலை போட்டிருந்தால் அதை அந்த விலைக்கு வாங்கலாமா? வாங்கியபின் விற்றவர் "தவறு நடந்துவிட்டது, தரமாட்டோம்" என்றால் அவர் செய்வது தர்மமா? கேள்வி புதிது போலத் தெரிந்தாலும் அதற்குள் இருக்கும் பொருள் மிகப் பழையது. அடுத்தவன் கைதவறி விழுந்த பொருளுக்கு யார் உடைமைக்காரர் என்பதே அது.

ஒரு வீட்டில் நடப்பதாக இதை நினைத்துப் பார்க்கலாம். தகப்பனார் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். மகன் கல்லூரியில் படிக்கிறான். படிப்புக்கு லேப்டாப் வேண்டும். விலை இருபத்து மூவாயிரத்துக்கு மேல். மூன்று மாதமாகச் சேர்த்தும் பணம் பாதிகூடத் தேறவில்லை. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அவன் செல்போனில் பார்க்கிறான். அதே லேப்டாப் 190 ரூபாய் என்று போட்டிருக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்க்கிறான். 190தான். அம்மாவிடம் காட்டுகிறான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "அய்யா கண்ணைத் திறந்துட்டாரு மக்களே, சீக்கிரம் போடு" என்கிறாள். பிள்ளையின் விரல் பட்டனுக்கு மேலே நிற்கிறது. இது யாரோ எண்ணைத் தப்பாகத் தட்டியது என்று அவன் உள்ளம் சொல்கிறது. வீட்டு நிலைமையோ வேறொன்று சொல்கிறது.

இந்தப் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? ஏழை வீட்டின் தேவை உண்மையானது. அம்மாவின் பக்தியும் உண்மையானது. அதனால்தான் இந்தக் கேள்வியை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது.

முகம் தெரியும் கடையும் முகம் தெரியாத கடையும்

ஊரில் பலசரக்குக் கடைக்குப் போன ஒரு பாட்டி ஐம்பது ரூபாய் கொடுத்துச் சாமான் வாங்குகிறாள். கடைக்காரர் நூறு ரூபாய் என்று நினைத்து மீதி கொடுத்துவிடுகிறார். பாட்டி நடைவரை போய்த் திரும்பி வந்து, "அண்ணாச்சி, சில்லறை கூடுதலா தந்திட்டிய, எண்ணிப் பாரும்" என்று நீட்டுகிறாள். இதை யாரும் பெரிய தியாகமாகப் பேசுவதில்லை. அது பாட்டியின் பணம் அல்ல, ஆகவே அவள் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அதே பாட்டியின் பேரன் செல்போனில் தவறான விலையைப் பார்த்ததும், முதல் ஆளாக ஆர்டர் போட்டுவிட்டு நண்பர்களுக்கும் சொல்லி அனுப்புகிறான். பாட்டிக்குத் தெரிந்த தர்மம் பேரனுக்குத் தெரியாமல் போகவில்லை. அண்ணாச்சியின் முகம் அவனுக்கு எதிரில் இல்லை, அதுதான் வேறுபாடு. திரையில் தெரிவது பொருளின் படமும் ஒரு எண்ணும் மட்டும். அந்த எண்ணைத் தட்டியவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் வீடு இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார் என்பது திரையில் தெரிவதில்லை. முகம் தெரியாத இடத்திலும் முகம் உண்டு என்று நினைப்பவர்க்குத்தான் தர்மம் நிலைக்கும்.

சிங்கப்பூரில் நடந்த வழக்கு

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2003-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சிங்கப்பூரில் இப்படி ஒன்று நடந்து, நீதிமன்றம்வரை போயிற்று. கணினிப் பொருட்களை இணையத்தில் விற்ற ஒரு நிறுவனம், 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள லேசர் பிரிண்டருக்கு 66 டாலர் என்று விலை காட்டியது. பயிற்சிக்காகப் போட்டுப் பார்த்த எண்கள் தவறுதலாக உண்மையான விற்பனைப் பக்கத்தில் ஏறிவிட்டன. பல நாட்கள் அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஜனவரி 13-ஆம் தேதி நள்ளிரவு கடந்தபின் செய்தி நண்பர்களுக்குள் பரவியது. விடிந்து நிறுவனம் விழித்துக்கொள்வதற்குள் 784 பேர் 4,086 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள். கணினி தானாகவே ஒவ்வொருவருக்கும் ஆர்டரை உறுதிசெய்து பதில் அனுப்பிவிட்டது.

நிறுவனம் தவறைச் சொல்லி, பொருளைத் தரமுடியாது என்று அறிவித்தது. நண்பர்கள் ஆறு பேர் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஆறு பேர் மட்டும் கேட்ட பிரிண்டர்கள் 1,606. அவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். சட்டம் படித்தவரும் அவர்களுள் இருந்தார். "விலை சொன்னீர்கள், நாங்கள் ஒப்புக்கொண்டோம், உறுதிசெய்து கடிதமும் வந்தது, ஆகவே ஒப்பந்தம் முடிந்துவிட்டது" என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் ஓட்டை இல்லாதது போலத் தோன்றும். ஆனால் நீதிமன்றம் வேறொன்றைக் கேட்டது. அந்த இரவில் இவர்கள் மனத்தில் என்ன இருந்தது? நள்ளிரவில் ஒருவரையொருவர் அவசரமாக எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிரிண்டரின் உண்மை விலை என்ன என்று இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். வாங்கி விற்றால் என்ன லாபம் என்று பேசியிருக்கிறார்கள். இது தவறான விலை என்று அறிந்தே அவர்கள் ஆர்டர் போட்டார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மற்றவன் தவறு செய்கிறான் என்று அறிந்துகொண்டே அதைப் பிடித்துக்கொள்பவனுக்கு அந்த ஒப்பந்தத்தின் பலன் கிடையாது என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. 2005-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

இதற்கு முன்னோடியாக, இணையம் பிறக்கும் முன்பே, 1939-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. அர்ஜென்டினா நாட்டு முயல் தோல் விற்பனை அது. பேச்சு முழுவதும் ஒரு தோலுக்கு இன்ன விலை என்றே நடந்திருந்தது. விற்பவர் எழுதும்போது மட்டும், ஒரு தோலுக்கு என்பதற்குப் பதிலாக ஒரு பவுண்டு எடைக்கு என்று தவறி எழுதிவிட்டார். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ மூன்று தோல் நிற்கும். ஆகவே விலை மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. வாங்குபவர் ஓடோடி ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. தவறு என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை என்றது.

ஆக, அறிவுதான் கோடு. விலை குறைவாக இருந்ததா என்பது கேள்வி அல்ல. அது தவறு என்று வாங்குபவர் அறிந்திருந்தாரா என்பதே கேள்வி.

நாட்டின் சட்டமும் உள்ளத்தின் சட்டமும்

இந்தியாவில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாக இருப்பது 1872-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு தரப்பாரும் ஒரே முக்கிய விஷயத்தில் தவறாக நினைத்திருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அது சொல்கிறது. ஒருவர் மட்டும் தவறு செய்திருந்தால், அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தத்தைக் கலைக்க முடியாது என்றும் சொல்கிறது. பேசவேண்டிய கடமை இல்லாத இடத்தில் ஒருவர் வாய் திறவாமல் இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்றும் அதில் உண்டு. சந்தையில் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் வியாபாரமே நடக்காது. ஆகவே சட்டம் அந்த அளவில் நிற்பதில் பிழை இல்லை.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. தவறுதலாக ஒருவர் கைக்கு வந்த பணத்தையும் பொருளையும் அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அது. இதை எல்லாரும் தம் சொந்த அனுபவத்தால் அறிவார்கள். செல்போனில் பணம் அனுப்பும்போது ஒரு எண்ணைத் தப்பாக அமுக்கி, 5,000 ரூபாய் யாரோ ஒருவர் கணக்குக்குப் போய்விட்டால் மனம் எப்படித் துடிக்கும்! அந்த ஆளை அழைத்து, "தெரியாம அனுப்பிட்டேன், திருப்பி விட்டிருங்க" என்று எத்தனை பணிவாகக் கேட்பார்கள்! அவர், "உங்கள் விரல், உங்கள் தவறு, பணம் எனக்கு அய்யா தந்தது" என்று சொன்னால் அதைத் தர்மம் என்று யாராவது ஏற்பார்களா?

தன் விரல் தவறினால் மன்னிப்பு வேண்டும், அடுத்தவர் விரல் தவறினால் லாபம் வேண்டும் என்று நினைப்பது ஒரே தராசில் இரண்டு எடைக்கல் வைப்பதற்குச் சமம்.

"பெரிய கம்பெனிதானே, என்ன நட்டம்?"

இதற்கு மறுமொழியாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. "கோடி கோடியாகச் சம்பாதிக்கிற கம்பெனிக்கு ஒரு லேப்டாப் போனால் என்ன? அவர்கள் மட்டும் ஒழுங்கா? விலையை ஏற்றி வைத்துப் பாதி விலை என்று காட்டுகிறார்கள். இருக்காத பொருளை இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள்."

இந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. பொருள் போதிய அளவில் கையில் இல்லாமல், ஆளை இழுப்பதற்காகவே குறைந்த விலை காட்டுவதைத் தூண்டில் விளம்பரம் என்பார்கள். அதைக் கட்டுப்படுத்த 2022-இல் மத்திய அரசு நெறிமுறைகளே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு ரூபாய்க்குச் செல்போன் என்று உண்மையாகவே அறிவித்து விற்ற விளம்பர விற்பனைகளும் இந்த நாட்டில் நடந்ததுண்டு. அப்படிப் பழக்கிவிட்டபின், மிகக் குறைந்த விலையைப் பார்த்து ஒருவர் "இதுவும் சலுகைதான் போல" என்று நம்பினால் அது பேராசை ஆகாது. நம்பும்படி பழக்கியவர்களும் அதற்குப் பொறுப்பு.

ஒடிசாவில் நடந்த ஒரு வழக்கு இதைக் காட்டுகிறது. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில், 23,499 ரூபாய் விலையுள்ள லேப்டாப் 190 ரூபாய் என்று ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் போடப்பட்டிருந்தது. சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒன்றே ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். ஆர்டர் உறுதியாகிவிட்டதாகச் செய்தியும் வந்தது. பிறகு விலையில் குளறுபடி என்று சொல்லி ரத்து செய்துவிட்டார்கள். மாணவர் நுகர்வோர் மன்றம் சென்றார். மாநில ஆணையம் 2021-இல் மாணவர் பக்கம் நின்று, நிறுவனம் அவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வாக்கு கொடுத்துவிட்டு விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

சிங்கப்பூரில் வாங்கியவர்கள் தோற்றார்கள், ஒடிசாவில் வாங்கியவர் வென்றார். இவை ஒன்றுக்கொன்று எதிர் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆயிரத்து அறுநூறு பிரிண்டர்களை நள்ளிரவில் அள்ளப் பார்த்தவர்களும், சலுகை விற்பனைகளுக்குப் பழகிய நாட்டில் தன் படிப்புக்கு ஒன்று கேட்டவரும் ஒரே நிலையில் நிற்பவர்கள் அல்லர். ஆனாலும் அந்த மாணவரின் உள்ளத்தில் அன்று என்ன இருந்தது என்பதை எந்த மன்றமும் முழுதாகக் காண முடியாது. மன்றங்கள் வெளியே தெரியும் செய்கையை வைத்து உள்ளத்தை ஊகிக்கின்றன. உள்ளத்தை நேராகக் காண்பவர் ஒருவரே.

"கம்பெனி மட்டும் ஒழுங்கா" என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. அடுத்தவன் நீசம் செய்கிறான் என்பது தன் நீசத்துக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. கலி என்பது எங்கோ வெளியே நின்று ஆள்வது மட்டும் அல்ல. "அவன் செய்கிறான், ஆகவே நானும்" என்ற நினைப்பிலும் அதுவே உட்கார்ந்திருக்கிறது. பெரியவன் ஏமாற்றினால் அதை எதிர்த்துக் கேட்பது தர்மம். ஒடிசா மாணவர் போல மன்றம் போய்க் கேட்பதும் தர்மம். இருட்டில் அவன் பையில் கைவிடுவது அந்தக் கணக்கில் சேராது.

விற்பவருக்கு என்ன தர்மம்?

வாங்குபவருக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு விற்பவரை விட்டுவிடலாகாது. விலை என்பது விற்பவர் கொடுக்கும் வாக்கு. வாக்குத் தவறினால் அதன் சுமையை முதலில் எடுக்க வேண்டியவர் வாக்கு கொடுத்தவரே. மனம் சுத்தமாக நம்பி வாங்கியவருக்கு, சட்டப்படி தரவேண்டியதில்லை என்றாலும் தருவது மேலான வழி.

அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி, அமெரிக்காவில் ஜாப்போஸ் என்னும் காலணி விற்பனை நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு தளத்தில், நள்ளிரவு முதல் விடியற்காலைவரை எந்தப் பொருளும் 49.95 டாலருக்கு மேல் விலை ஏறாதபடி கணினியில் பிழை நேர்ந்தது. ஆயிரம் டாலர் பொருளும் ஐம்பது டாலருக்குப் போயிற்று. சில மணி நேரத்தில் நட்டம் 16 லட்சம் டாலருக்கு மேல். விலைப் பிழை நேர்ந்தால் பொருள் தரவேண்டியதில்லை என்று அவர்களின் விற்பனை விதிகளிலேயே இருந்தது. ஆனாலும் அவர்கள் எல்லா ஆர்டரையும் நிறைவேற்றினார்கள். அந்தப் பிழைக்காக ஊழியர் யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை என்றும் அறிவித்தார்கள். இந்த இரண்டாவது செய்தி முதல் செய்தியைவிடப் பெரியது. வாடிக்கையாளருக்கு வாக்கைக் காப்பாற்றிவிட்டு, அந்த நட்டத்தை எண்ணைத் தட்டிய ஏழை ஊழியன் தலையில் கட்டியிருந்தால் அது தர்மமாகியிருக்காது.

இங்கிலாந்தில் நடந்த இரண்டு செய்திகளும் சிந்திக்கத் தக்கவை. 1999-இல் ஒரு பெரிய கடை 299 பவுண்டு தொலைக்காட்சிப் பெட்டியை 2.99 பவுண்டு என்று இணையத்தில் போட்டுவிட்டது. புள்ளி இரண்டு இடம் நகர்ந்துவிட்டது. அவர்கள் தர மறுத்தார்கள். மூன்று பவுண்டுக்குத் தொலைக்காட்சி என்று யாரும் மெய்யாக நம்பியிருக்க முடியாது. 2002-இல் கோடாக் நிறுவனம் 329 பவுண்டு கேமராவை 100 பவுண்டுக்குப் போட்டுவிட்டது. முதலில் மறுத்தாலும் பிறகு வாங்கியவர்களுக்கு அந்த விலைக்கே கொடுத்தது. பண்டிகை முடிந்த தள்ளுபடிக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு விலை என்பது நம்பக்கூடியதுதான். நம்பக்கூடிய பிழையை விற்பவர் சுமக்க வேண்டும். நம்பவே முடியாத பிழையை வாங்குபவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதை இருவரும் பேசித் தீர்க்க வேண்டும்.

விற்பவர் எல்லாரும் பெரிய கம்பெனிகளும் அல்லர். குமரி மாவட்டத்துப் பனைத்தொழில் குடும்பம் ஒன்று கருப்பட்டியை இணையத்தில் விற்கத் தொடங்குகிறது என்று நினைத்துப் பார்க்கலாம். விடியுமுன் பனையேறிப் பதநீர் இறக்கி, வீட்டுப் பெண்கள் அடுப்படியில் வெந்து காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி. கிலோ 350 ரூபாய் என்று போடவேண்டிய இடத்தில் மகள் 35 என்று போட்டுவிடுகிறாள். மறுநாள் காலை நாற்பது ஆர்டர். ஒருவர் மட்டும் இருபது கிலோ. எல்லாவற்றையும் அந்த விலைக்கு அனுப்பினால் அந்தப் பருவத்து உழைப்பே போய்விடும். இங்கே தாழ்ந்து கிடப்பவர் யார்? வாங்கியவரா, விற்றவரா? தாழ்ந்தவரைத் தாங்குவதே தர்மம் என்பது அய்யாவழி மக்களுக்குப் பால்குடியிலேயே ஊட்டப்பட்டது. ஆனால் தாழ்ந்தவர் எப்போதும் வாங்குபவரே என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தந்த நேரத்தில் யார் விழுந்து கிடக்கிறாரோ அவரைத் தாங்கவேண்டும்.

அந்தக் குடும்பத்துக்கும் கடமை உண்டு. தவறு தெரிந்த அந்த நேரமே வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பைசா பிடிக்காமல் பணத்தைத் திருப்ப வேண்டும். சாக்குப்போக்குச் சொல்லாமல், "எங்கள் தவறு, மன்னிக்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். சலுகை என்று மெய்யாக நம்பி, வீட்டு விசேஷத்துக்கு ஒரு கிலோ கேட்டு, அதை நம்பி வேறிடத்தில் வாங்காமல் இருந்தவர் இருந்தால், நட்டம் வந்தாலும் அந்த ஒரு கிலோவை அனுப்ப வேண்டும். நம்பிக் காத்திருந்தவரைக் கைவிடுவது தர்மம் அல்ல.

அய்யா தந்தது எது?

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்பலாம். அம்மா "அய்யா கண்ணைத் திறந்துட்டாரு" என்றாளே, அதற்கு என்ன மறுமொழி?

அய்யா தருவது அடுத்தவன் காலை இடறிவிட்டுத் தருவதாக இருக்காது. ஊழியமும் வரியும் சுமந்து ஒடுங்கிக் கிடந்த மக்களை நிமிர்த்தவே அய்யா வைகுண்டர் வந்தார். தலைக்கும் பனைக்கும் வரி கேட்டு உழைப்பவன் வாயிலிருந்து பறித்தார்களே, அந்தப் பறிப்பைத்தான் அய்யா நீசம் என்று கண்டித்தார். கொடுத்தவர் மனம் ஒப்பாமல் கைமாறியது எதுவானாலும் அதில் அந்தப் பறிப்பின் சாயல் இருக்கிறது. விலையைத் தவறிப் போட்டவர் மனம் ஒப்பி அந்த விலையைச் சொல்லவில்லை. அதை அறிந்தே எடுப்பது, சிறிய அளவில் ஆனாலும், ஒப்பாத கையிலிருந்து எடுப்பதுதான்.

"கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை அன்னதர்மத்துக்குக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடாதா" என்று கேட்பாரும் உண்டு. காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்று சொன்னவர் அய்யா. மனிதருக்குக் கைக்கூலி கொடுத்துத் தப்பலாம். அய்யாவுக்குக் கொடுத்துத் தப்ப முடியாது. அழுக்கான பணத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதால் மீதிப் பணம் வெளுத்துவிடாது.

பிள்ளைக்கு வழி என்ன? அது தவறான விலை என்று உள்ளம் உறுதியாக அறிந்தால் பட்டனை அமுக்க வேண்டாம். உறுதி இல்லை, சலுகையாகவும் இருக்கலாம் என்றால் விற்பவரிடம் கேட்கலாம். "இந்த விலை சரிதானா?" என்று ஒரு வரி எழுதினால் போதும். "ஆம்" என்று வந்தால் அய்யாவை நினைத்து மகிழ்ச்சியாக வாங்கலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்க வழியே இல்லாமல் ஐயத்தோடு ஒன்று ஆர்டர் போட்டிருந்தால், விற்பவர் தவறு என்று சொல்லும்போது சண்டை போடாமல் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

தன் உள்ளம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாதவர் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். விற்பவர் விழித்துக்கொள்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம் வந்ததா? தேவைக்கு ஒன்று போதும் என்றிருக்க, பல கேட்கத் தோன்றியதா? இதை விற்பவரிடம் நேரில் சொல்லிவிட்டு வாங்கச் சொன்னால் நா கூசுமா? மூன்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று வந்தாலும் உள்ளம் உண்மையை முன்பே அறிந்திருக்கிறது என்று பொருள்.

அய்யாவின் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு, அதன்முன் நிற்கிறவர் காண்பது தம் உருவத்தையே. இறைவன் உள்ளே இருக்கிறான் என்பதை அது நாள்தோறும் சொல்லித் தருகிறது. நீதிமன்றம் கடிதங்களையும் சாட்சிகளையும் வைத்துத் தேடிய அந்த ஒன்றை, அவர் அறிந்தாரா இல்லையா என்பதை, கண்ணாடிமுன் நிற்பவர் சாட்சி இல்லாமலே அறிவார். செல்போன் திரையும் அணைந்துவிட்டால் கறுத்த கண்ணாடிதான். 190 ரூபாய் மறைந்தபின் அதில் தெரியும் முகத்தை அந்தப் பிள்ளை கூசாமல் பார்க்க முடிய வேண்டும்.

லேப்டாப் அன்றிரவு கிடைக்காமல் போகலாம். அது உண்மையான இழப்புதான், அதை இல்லை என்று சொல்லக்கூடாது. அந்தப் பிள்ளையின் தேவையை அறிந்த ஊரும், தாங்கலில் கூடும் மக்களும் அவனுக்குக் கைகொடுக்க வேண்டும். தர்மத்துக்காகப் பிள்ளை ஒன்றை விட்டான் என்றால், அவனைத் தாங்குவது மற்றவர் தர்மம். சான்றோர் கூட்டம் என்ற பெயருக்கு அப்போதுதான் பொருள் உண்டு. தவறி விழுந்ததைத் திருப்பிக் கொடுப்பவரும், திருப்பிக் கொடுத்தவரைத் தாங்குபவரும் ஒன்றாக நிற்கும் இடத்தில் கலி குறையும், தர்மம் வளரும்.

அய்யா உண்டு.